அப்பா "இது ஓடாது" எண்டுட்டார்: கரெட் கரிக்கோச்சிப் படத்தில என்ன பிழை?

கடற்கரைலைன் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். நான் தொழிலுக்குப் படம் கீறிறவன் இல்லை. பகல்ல கணக்கு, இரவில கொம்பியூட்டர்ல கீறல். வீட்டுக்குப் பின்னால பாணந்துறைக் கோச்சி போகேக்க மேசை ஆடும், கை ஆடும், கோடும் ஆடும். அப்பிடி ஒன்றரை வருசமா ஒரே படத்தோட மல்லுக்கட்டுறன்.

அப்பப்பா றெயில்வேயில பயர்மன், எஞ்சினுக்குக் கரி போடுறவர். நாவலப்பிட்டியில குவாட்டர்ஸ். "அப்பப்பா கரெட்டில நிண்டவர்" எண்டு வீட்டில சொல்லேக்க, கரட் கிழங்கு ஏத்திற கோச்சி எண்டுதான் சின்னனில கனகாலம் நினைச்சிருந்தனான். நுவரெலியாவில இருந்து கரட் வாறதுதானே, பொருத்தமாத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கினது அது ஹேர்பேர்ட் கரெட் எண்ட இங்கிலீசுக்காரன்ர பேர் எண்டு. நடுவில ஒரு பெரிய பொயிலர், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சக்கரத் தொகுதி. மன்செஸ்டரில பேயர் பீக்கொக் கட்டினது. இலங்கையின்ர அகலப் பாதைக்கு 1927இல ஒண்டு வந்தது, 1945இல இன்னும் எட்டு. சக்கரக் கணக்கு 2-6-2+2-6-2, அதாவது ஒவ்வொரு தொகுதியிலயும் நடுவில ஆறு பெரிய சக்கரம், பக்கத்துக்கு மூண்டு, ரெண்டு அந்தத்திலயும் ரெண்டு ரெண்டு சின்னச் சக்கரம். றம்புக்கனையில இருந்து கடுகண்ணாவைக்கு 44, 45 அடிக்கு ஒரு அடி ஏத்தம். அந்தப் பாதைக்கு வேற என்னத்தைக் கொண்டு வாறது?

வாற மாசியில அப்பாவுக்கு 70. அவருக்குக் குடுக்கத்தான் இந்தப் படம், ஏ2 அளவில. வீட்டில இருக்கிறது ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. முக்கால் பக்கம் தெரியிற மாதிரி எடுத்தது, பின்பக்கம் பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. செய்தது இதுதான்:

இன்க்ஸ்கேப் எண்ட கீறல் மென்பொருளில ஒரு சக்கரத்தை வடிவாக் கீறி, ஆரக்கம்பியளை குளோன் போட்டுச் சுத்தி எடுத்தன். பிறகு அதையே பிரதி எடுத்து வைச்சன். எல்லாம் ஒரே அச்சாத் தெரியக்கூடாது எண்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிவிட்டன். பின் தொகுதி, முன் தொகுதியைக் கண்ணாடியில பார்த்த மாதிரித் திருப்பினது. முன் முகம் போட்டோவில தெளிவில்லாததால இணையத்தில கிடைச்ச தென்னாபிரிக்கக் கரெட் படங்களைப் பார்த்துக் கீறினன். நிறம் எல்லாம் கிரித்தா எண்ட இன்னொரு மென்பொருளில. பொயிலருக்கு மட்டும் 1400 ஆணித்தலை, ரெண்டு கிழமை வேலை.

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோட அப்பாவுக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "வடிவா இருக்கு. ஆனா தம்பி, இது ஓடாது" எண்டார். ஏன் எண்டு கேட்டா, "அது எனக்கெங்க தெரியும், ஆனா ஓடாது" எண்டுட்டுப் பேப்பரை எடுத்திட்டார்.

படத்தையும் அந்தப் போட்டோவையும், கீறேக்க எடுத்த திரைப் படத்தையும் இணைச்சிருக்கிறன். என்ன பிழை எண்டு ஆராவது சொல்லுங்கோ. அதோட பொயிலர் பொயிலர் மாதிரி இல்லாம பிளாஸ்டிக் குழாய் மாதிரி இருக்கு, அதுக்கும் ஒரு வழி வேணும். லப்டொப் வேற 8 ஜிபி. சேமிக்க அமத்திட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடிச்சு வரலாம்.

---

பழைய பிட்டர் (தெமட்டகொடை)

தம்பி, ஒங்கப்பா சொன்னது நூத்துக்கு நூறு சரி. இது ஓடாது. ஓட்டுனா மொத சுத்துலயே ராடு முறிஞ்சு யாரோ ஒருத்தன் கால்ல விழும்.

நான் 1966ல இரத்மலானை வேர்க்‌ஷொப்புல அப்ரண்டிஸா சேந்தவன். இப்ப கண்ணு சரியில்ல, பேத்திதான் டைப் பண்றா. படத்தையும் அவதான் பெருசாக்கிக் காட்டுனா.

அந்த மூணு பெரிய சக்கரத்தப் பாருங்க. மொத சக்கரத்துல கிராங் பின், அதான் ராட மாட்டுற முளை, மூணு மணியில நிக்குது. நடுவுல உள்ளது நாலரை. கடைசி ஆறு மணி. அந்த மூணு பின்னையும் ஒரே இரும்பு ராடுதான் கோத்துப் புடிச்சிருக்கு. ராடு ரப்பரா தம்பி? அச்சுக்கு அச்சு எவ்வளவு தூரமோ, பின்னுக்குப் பின்னும் அதே தூரம். அதுனால மூணு சக்கரமும் எந்த நேரமும் ஒரே மணிதான் காட்டும். மூணு காட்டுனா மூணும் மூணு, ஏழு காட்டுனா மூணும் ஏழு. கோச்சி போகையில பிளாட்பாரத்துல நின்னு பாத்தீங்கன்னா தெரியும், அந்த ராடு ஏறும் எறங்கும், ஆனா சாயாது. தண்டவாளத்துக்கு எப்பவும் சமாந்தரமாவே இருக்கும். நீங்க அழகுக்குன்னு சக்கரத்த ஒன்னொன்னா திருப்பிட்டு, ராட அதுக்குத் தக்க வளைச்சு விட்டிருக்கீங்க. ஒங்கப்பா சின்ன வயசுல அந்த ராடு போறத எத்தன தரம் பாத்திருப்பாரு. பேரு தெரியலன்னாலும் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்னு. சக்கரத்துல பிறை மாதிரி ஒரு இரும்புக் கட்டி இருக்குதே, அது அலங்காரம் இல்ல. பின்னு, ராடு இதோட பாரத்துக்கு எதிர்ப்பாரம். அது பின்னுக்கு நேர் எதிர்ல இருக்கணும். ஒங்க படத்துல ரெண்டு சக்கரத்துல பின்னும் கட்டியும் ஒரே பக்கம்.

குறோஸ்ஹெட்டையும் பாருங்க, பிஸ்டன் தண்டோட நுனியில முன்னும் பின்னும் வழுக்குற கட்டி அது. பின்னு சிலிண்டர் பக்கமா திரும்பி நிக்கையில குறோஸ்ஹெட்டும் சிலிண்டருக்குக் கிட்ட வந்து நிக்கணும். ஒங்களது நட்ட நடுவுல நிக்குது.

அந்தப் பக்கத்துச் சக்கரம் ஆரக்கம்பிக்கு ஊடா கொஞ்சம் தெரியும். அதுல பின்னு இதே எடத்துல இருக்காது, கால் சுத்து வித்தியாசம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சா, ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரம் முட்டுல போயி நின்னு எஞ்சின் கெளம்பாமப் போயிரும். அதுக்குத்தான் அப்படி.

பின் தொகுதியத் திருப்பிப் போட்டது பரவாயில்ல, கரெட்டுக்கு சிலிண்டர் ரெண்டு கோடியிலயும்தான். ஆனா முன் தொகுதிக்கும் பின் தொகுதிக்கும் நடுவுல ராடு கிடையாது, பல்சக்கரம் கிடையாது, பொயிலர் சட்டமும் நீராவிக் குழாயுந்தான். ஒன்னு கொஞ்சம் வழுக்குனா போதும், ரெண்டும் வேற வேற எடத்துல நிக்கும். ஒங்களுக்கு சக்கரத்தத் திருப்பியே ஆகணும்னு ஆசையா இருந்தா, பின் தொகுதி மூணையும் சேத்து ஒரு எடத்துக்குத் திருப்புங்க. அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாது.

ஆணி பத்தி சொன்னா கோவிச்சுக்குவீங்க. நாளைக்குச் சொல்றேன், பேத்திக்கு டியூசன் இருக்கு.

---

கடற்கரைலைன்

ஐயா, உங்கட பதிலை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "நான் சொன்னனான்தானே" எண்டு மட்டும் சொன்னார். ஆணிக் கதையையும் சொல்லிவிடுங்கோ, தாங்குவன்.

---

பழைய பிட்டர் (தெமட்டகொடை)

அப்ப சொல்றேன். பொயிலர்ல ஆணி இருக்கு. ஆனா வெளிய தெரியாது. நாம வெளிய பாக்குறது பொயிலரே இல்ல, அதுக்கு மேல போத்துன சட்டை. சூடு வெளிய போகாம உள்ளுக்கு மெத்தை மாதிரி சுத்தி, அதுக்கு மேல மெல்லிசு தகடு, தகட்ட இழுத்துப் புடிக்க நாலஞ்சு பட்டி. அந்தப் பட்டிதான் கண்ணுல படும். ஆணி தெரியிற எடம் பொயிலருக்கு முன்னாடி புகை சேருற பெட்டி, அதான் ஸ்மோக்பொக்ஸ், அப்புறம் தண்ணித் தாங்கி, கரித் தாங்கி, ஓட்டுறவங்க நிக்கிற கேப். ஸ்மோக்பொக்ஸுக்கு சட்டை கிடையாது. தாங்கியில ஆணி எத்தன வரிசைன்னு ஒங்க போட்டோவுல எண்ணிப் பாத்து அப்படியே வைங்க, கண்டபடி தூவ வேணாம். ஆணி வரிசை போற எடத்துலதான் தகடும் தகடும் சேருது. அங்க ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு இல்லாம ஆணி மட்டும் போட்டா சிரிப்பாங்க.

1400 ஆணி போச்சேன்னு கவலப்படாதீங்க. வேர்க்‌ஷொப்புல நாங்க அடிச்ச ஆணியையே திரும்ப வெட்டி எடுத்திருக்கோம்.

---

கோடுகீறி (தெஹிவளை)

ஐயா சொன்னதற்கு மேல் இயந்திரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரக் கைநூல்களுக்குப் படம் வரைவதுதான் என் பிழைப்பு, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

படத்தைத் திறந்ததும் எனக்கு உறுத்தியது முன் முகம். சக்கரங்கள் இரண்டும் உடம்புக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு, பெரிய ஆள் சின்னப்பிள்ளையின் செருப்பைப் போட்டு நிற்பதுபோல இருக்கிறது. காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தென்னாபிரிக்கப் பாதையின் அகலம் 1067 மில்லிமீற்றர். நம்முடையது 5 அடி 6 அங்குலம், 1676. கிட்டத்தட்ட இரண்டடி வித்தியாசம். இங்கிலாந்துப் பாதைகூட 1435தான். இணையத்தில் கிடைக்கும் கரெட் படங்களில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவினுடையது, பெரும்பாலும் ஒடுங்கிய பாதை. அவற்றில் குழாய் எங்கே வளைகிறது, விளக்கு எப்படித் தொங்குகிறது என்று பார்க்கலாம். அகலத்தை அங்கிருந்து எடுக்கக்கூடாது. உங்கள் வீட்டுப் போட்டோவிலேயே தண்டவாளம் தெரிகிறதே, அதுதான் அளவுகோல். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 1676 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து கணக்குப் பாருங்கள். கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, சக்கரங்கள். முக்கால் பக்கத்தில் சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும், அது சரி. ஆனால் நீங்கள் எல்லா நீள்வட்டத்தையும் நெட்டுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். நீள்வட்டத்தின் குறுக்கச்சு, சக்கரத்தின் அச்சுத்தண்டு போகும் திசையிலேயே போகவேண்டும். தண்டு கொஞ்சம் சரிந்து தெரிந்தால் நீள்வட்டமும் அதோடு சரியும். இந்த ஒன்றைத் திருத்தினால் சக்கரங்கள் தண்டவாளத்தில் உட்காரும், இப்போது மிதக்கின்றன. கிரித்தாவில் உதவிக்கோட்டுக் கருவி இருக்கிறது, அதில் நீள்வட்டமும் மறைபுள்ளியும் (சமாந்தரக் கோடுகள் தூரத்தில் போய்ச் சேர்வதாகத் தெரியும் புள்ளி) வைத்துப் பூட்டிவிடலாம்.

கரெட்டுக்கென்றே ஒரு விசயம். உங்கள் போட்டோவில் எஞ்சின் வளைவில் நிற்கிறது. வளைவில் கரெட் ஒரே உடம்பாக நிற்காது. முன் தாங்கி ஒரு திசை, பொயிலர் ஒரு திசை, பின் தாங்கி வேறொரு திசை, பொயிலர் வளைவின் உட்பக்கமாக ஒதுங்கியும் இருக்கும். ஆக, மூன்றுக்கும் மூன்று மறைபுள்ளி. நீங்கள் மூன்றையும் ஒரே புள்ளிக்கு இழுத்ததால்தான் தாங்கிக்கும் பொயிலருக்கும் நடுவிலுள்ள இடைவெளி பிழையாகத் தெரிகிறது. அந்த இடைவெளியை மறைக்கப் புகை போட்டிருக்கிறீர்கள், நான் கண்டுவிட்டேன். பரவாயில்லை, நானும் செய்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் குழாய்க்கு வருவோம். நீங்கள் கறுப்பை எடுத்து, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டை ஓடவிட்டு, இரண்டு ஓரமும் கறுத்துப்போகச் செய்திருக்கிறீர்கள். குழாய் அப்படித்தான் இருக்கும். திறந்த வெளியில் நிற்கும் கறுப்பு எஞ்சின் கறுப்பாக இருப்பதில்லை. கடுகண்ணாவை அருங்காட்சியகத்தில் ஒரு காலை நேரம் பழைய எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொயிலரின் மேல்தோள் முழுக்க வானம், சாம்பல் நீலம். வயிற்றின் அடியில் சரளைக்கல்லின் மண்நிறம் மங்கலாக ஏறியிருந்தது. நல்ல கறுப்பு என்று சொல்லக்கூடியது இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டையாக மட்டும்தான். அந்தப் பட்டைக்குள் மஞ்சளாக ஏதோ ஒரு கீற்று. பெயின்ற் என்று நினைத்துக் குனிந்தேன், அதுவும் குனிந்தது. என் குடைதான்.

அதனால் முதலில் வானத்தை வையுங்கள், பிறகு தரையை, மிஞ்சுவதுதான் கறுப்பு. ஸ்மோக்பொக்ஸுக்கு இது பொருந்தாது. சட்டை இல்லாத இரும்பு, சூட்டில் வெந்த பெயின்ற், பளபளப்பே இருக்காது. ஐயா சொன்ன சட்டைக்கும் அந்த மொட்டை இரும்புக்கும் உள்ள வித்தியாசம் பளபளப்பில் தெரிந்தால் போதும், ஆணி இல்லாமலேயே கண் நம்பும்.

கடுகண்ணாவைக்கு ஒருமுறை போய்வாருங்கள். கோட்டையில் காலைக் கோச்சி எடுத்தால் போதும். போனை எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுபோய் எடுக்கவேண்டாம், அகல லென்ஸ் பொயிலரை வாழைப்பழமாக்கிவிடும். பின்னுக்குப் போய் நின்று, பெருப்பித்து எடுங்கள். படத்தில் விழும்படி ஓர் அடிமட்டத்தையும் சாய்த்து வையுங்கள்.

8 ஜிபி பற்றி: ஏ2 என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளியில் 7016க்கு 4961 புள்ளி. ஒரு முழு லேயர், அதாவது படத்தின் ஓர் அடுக்கு, 8 பிட்டில் 139 மெகாபைட் அளவு, 16 பிட் என்றால் அதன் இரு மடங்கு. உங்கள் திரைப் படத்தில் நாற்பத்தொரு லேயர் எண்ணினேன். தேத்தண்ணி என்ன, சோறும் சமைக்கலாம். 8 பிட்டுக்கு மாற்றுங்கள். முடிந்த பகுதிகளை ஒன்றாக்கி, பழைய பிரதியை வேறு கோப்பில் வையுங்கள்.

---

மைக்கறை (மருதானை)

படம் கீறுறதப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாது, அச்சடிக்கிறது தெரியும். கறுப்பு எஞ்சின், இருட்டுப் பின்னணி, ஏ2. இது அச்சுக்காரனை அழ வைக்கிற படம்.

திரையில உங்களுக்குப் பத்து வகைக் கறுப்பு தெரியும். தாள்ல மூணுதான் மிஞ்சும், மத்தது எல்லாம் ஒரே குழம்பு. அதனால முழுப் படத்தையும் குடுக்க முந்தி, சக்கரமும் ஸ்மோக்பொக்ஸும் வாற ஒரு துண்ட வெட்டி, அதே அளவுல, அதே தாள்ல அடிச்சுப் பாருங்க. அதை வெயில்ல பிடிச்சுப் பாக்கணும், கடை டியூப் லைட்டுக்குக் கீழ எல்லாக் கறுப்பும் நல்லாத்தான் இருக்கும். மினுங்கித் தாள் வேணாம். சட்டகத்துக்குக் கண்ணாடி போட்டா அப்பாவுக்குத் தன்ட முகந்தான் தெரியும்.

நாலு மையையும் நூத்துக்கு நூறு ஏத்தி "நல்ல கறுப்பு" அனுப்புறவங்களும் இருக்காங்க. அது காயவே காயாது. கடைக்காரன்ட புரொபைல், அதாவது அவன்ட மெசின், தாளுக்குரிய நிறக் கோப்பு, கேட்டு வாங்கி, அதுக்குள்ள மாத்திட்டுக் குடுங்க.

---

கடற்கரைலைன்

மைக்கறை, நீங்கள் முந்தியே எழுதியிருக்கலாம். ஒரு மாசத்துக்கு முந்தி கொம்பனித்தெருப் பக்கம் ஒரு கடையில சும்மா பார்ப்பமெண்டு ஒரு பிரதி அடிச்சன். எஞ்சின் முழுக்கப் பச்சையாப் போச்சு, பாசி பிடிச்ச கிணத்துக்கட்டு மாதிரி. கேட்டதுக்கு, "பழைய எஞ்சின்தானே அண்ணை" எண்டான்.

கோடுகீறி, புகையைக் கண்டுபிடிச்சிட்டியள். வெக்கமாப் போச்சு. ஒரு கேள்வி இருக்கு. முன்னுக்கு உள்ள பஃபர் பலகை, மோதல் தாங்கியள் பூட்டியிருக்கிற குறுக்குப் பலகை, எங்கட போட்டோவில கறுப்பாத்தான் தெரியுது. அப்பா "சிவப்பு, நல்லா ஞாபகம் இருக்கு" எண்டுறார். ஆரை நம்பிறது?

---

கோடுகீறி (தெஹிவளை)

அப்பாவை. பழைய பிலிம்களில் ஒருவகை சிவப்பை உணராது. சிவப்புப் பலகை அதில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும். எந்த பிலிம் என்று தெரியாதவரை, போட்டோவிலிருக்கும் கறுப்பை வைத்து நிறம் தீர்மானிக்க முடியாது, நேரில் கண்டவர் சொல்வதைத்தான் எடுக்கவேண்டும். மறுபக்கமும் உண்டு. எஞ்சின் கட்டும் கொம்பனிகள் தங்கள் ஆல்பத்துக்குப் படமெடுக்கும்போது, நுணுக்கமெல்லாம் தெரியவேண்டும் என்று எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் அடித்துத்தான் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எஞ்சின் சாம்பல் நிறத்தில் ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள்.

பேயர் பீக்கொக்கின் பழைய ஆவணங்கள் மன்செஸ்டர் அறிவியல், கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரமிருந்தால் எழுதிக் கேளுங்கள். மாசிக்குள் பதில் வராவிட்டாலும் அடுத்த படத்துக்கு உதவும்.

---

கடற்கரைலைன்

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன்.

சக்கரம் எல்லாத்தையும் திரும்பக் கீறினன். முன் தொகுதி நாலு மணி, பின் தொகுதி பத்தேமுக்கால். ராடு நேர். அந்தப் பக்கத்துச் சக்கரம் கால் சுத்துத் தள்ளி. பாதையை அகட்டினாப் பிறகு எஞ்சின் காலை அகட்டிக்கொண்டு நிக்கிற நிலையே வேற. பொயிலர் ஆணி 1400உம் போச்சு. ஒரே அமத்தில அழிஞ்சது, அதைத்தான் தாங்கேலாமல் இருந்தது. தாங்கியில எண்ணி வைச்சன். கடுகண்ணாவைக்கும் போயிட்டு வந்தன். குடை கொண்டுபோகேல்லை, மழையில நனைஞ்சதுதான் மிச்சம். ஆனா நனைஞ்ச இரும்பில வானம் இன்னும் நல்லாத் தெரிஞ்சது, அதையே படத்திலயும் வைச்சிட்டன்.

நேற்று அப்பாவுக்குக் காட்டினன். மாசி வரைக்கும் வைச்சிருக்கப் பொறுமை இல்லை. கண்ணாடியைப் போட்டார். விரலை முன் சக்கரத்தில வைச்சு, ராடு வழிய மெல்ல இழுத்துக்கொண்டு கடைசிச் சக்கரத்துக்கு வந்தார். திரும்ப முன்னுக்குக் கொண்டுபோனார். "ம்ம். இது ஓடும்" எண்டார்.

பிறகு புகைக்கூண்டைக் காட்டிக் கேட்டார், "இவ்வளவு கறுப்பாப் புகை விடுறது ஆர்?"

அப்பப்பாதான் எண்டன்.

"அப்பா இப்பிடி விடமாட்டார். கறுப்புப் புகை எண்டா எரியாத கரி வீணாப் போகுது எண்டு அர்த்தம். ரைவர் அந்த இடத்திலயே பேசுவான்" எண்டார்.

பிட்டர் ஐயா, கரியை அளவாப் போட்டு நல்லா எரியிற எஞ்சின், ஏத்தத்தில என்ன நிறத்தில புகை விடும்? இப்ப புகையை அழிச்சுக்கொண்டிருக்கிறன். பின்னால மறைச்சு வைச்ச இடைவெளி முழுக்க வெளியில வருது. கோடுகீறி, அதைப் பற்றி உங்களிட்ட பிறகு கேக்கிறன்.